மால்ட் பாகும் காசிமேட்டு ஐஸும்

வீட்டில் பீர் காய்ச்சுவதை, எல்லாம் தயாராக வருகிற கிட் டப்பாவில்தான் நான் ஆரம்பித்தேன். 2015 முதல் 2018 வரை மெல்போர்னில் வேலை. கூடத் தங்கியிருந்த நண்பர் ஒரு சனிக்கிழமை 1.7 கிலோ டப்பா ஒன்றையும் ஒரு கிலோ சர்க்கரையையும் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார். அந்த ஊரில் வீட்டில் பீர் செய்துகொள்வது சட்டப்படி சரி. சாராயம் வடிப்பதுதான் கூடாது. டப்பாவைத் திறந்தால் மால்ட் பாகு, அதாவது முளைகட்டிய பார்லியின் சாறைச் சுண்டவைத்தது, கருப்பட்டிப் பாகுபோலக் கெட்டியாக இருக்கும். ஹாப்ஸ் என்ற கொடிப்பூவின் கசப்பு அதில் ஏற்கெனவே ஏற்றியிருக்கும். பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் ஒரு சின்ன ஈஸ்ட் பொட்டலம். பாகையும் சர்க்கரையையும் வெந்நீரில் கரைத்து, பச்சைத் தண்ணீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்டைத் தூவி மூடிவிட வேண்டும். அரை மணி நேர வேலை. கொதிக்க வைக்கவே வேண்டாம்.

இரண்டு மூன்று வாரம் கழித்துக் குடித்துப் பார்த்தால், பீர் என்று சொல்லலாம். ஆனால் வாயில் நிற்காது. தண்ணீர் மாதிரி இறங்கிவிடும், பின்னால் ஒரு புளித்த ஆப்பிள் வாடை வரும். நான்கு டப்பாவுக்குப் பிறகுதான் காரணம் புரிந்தது. மொத்த இனிப்பில் பாதிக்குக் கிட்ட வெறும் சர்க்கரை. ஈஸ்ட் சர்க்கரையை மிச்சமில்லாமல் தின்றுவிடும். மால்டில் அப்படி இல்லை; ஈஸ்டால் தின்ன முடியாத நீளமான மாவுச்சத்துத் துண்டுகள் அதில் மிஞ்சும், குடிக்கும்போது நாக்கில் கனமாகத் தெரிவது அதுதான். சர்க்கரைக்குப் பதில் அதே ஒரு கிலோ மால்ட் பவுடரைப் போட்டதுமே வித்தியாசம் தெரிந்தது. அதற்கடுத்த தடவை கிட்டையே விட்டுவிட்டு, கசப்பு ஏற்றாத வெறும் மால்ட் பாகு வாங்கி, ஹாப்ஸைத் தனியாக வாங்கி, நானே ஒரு மணி நேரம் கொதிக்க வைத்தேன். அன்றைக்குத்தான் இது சமையல் என்று தோன்றியது. அதுவரை யாரோ செய்து வைத்த குழம்பைச் சுட வைத்துக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு அடுப்படியில் அந்த வேலையை மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். ஈஸ்ட் இல்லாமல்.

தமிழ்நாட்டில் 1937-ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வீட்டில் பீர் செய்ய அது இடம் தராது. அந்தக் கோட்டைத் தாண்ட எனக்கு விருப்பமும் இல்லை. ஆனால் எனக்குப் பிடித்தது போதை அல்ல. கொதிக்கும் மால்டின் வாசனை, ஹாப்ஸ் விழுந்ததும் அது மாறுகிற விதம், கரைசலின் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் மிதந்து நிற்கும் அந்த ஒரு நொடி, இவைதான். இதில் எதற்கும் ஈஸ்ட் தேவையில்லை. ஈஸ்ட் போடுகிற வரைக்கும் குண்டானில் இருப்பது ஒரு கசப்பும் இனிப்புமான கஷாயம், அவ்வளவுதான்.

அதைக் குடிக்கும் பானமாக்க வழி ஒன்று வேண்டுமே. அது எனக்குப் பெரம்பூரிலிருந்து கிடைத்தது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்புப் பக்கம் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸுக்கு இஞ்சி ஒயின் காய்ச்சுவார்கள். பேரில்தான் ஒயின். பல வீடுகளில் அது இஞ்சி, சர்க்கரை, பட்டை, கிராம்பு, எலுமிச்சை போட்டுக் கெட்டியாகக் காய்ச்சி வைக்கிற சர்பத்து. வேண்டும்போது தண்ணீர் சேர்த்துக் கொடுப்பார்கள். பள்ளியில் என்னோடு படித்தவன் வீட்டில் சின்ன வயதில் குடித்திருக்கிறேன். அதையே மால்டில் செய்தால் என்ன? கெட்டியாகக் காய்ச்சிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும், குடிக்கும்போது சரிக்குச் சரி சோடா ஊற்ற வேண்டும். வாயு வேலையைச் சோடாக்காரர் பார்த்துக்கொள்வார். பாட்டிலுக்குள் வாயு ஏற்ற ஈஸ்ட் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம்.

பொருள் வாங்க ஒரு நாள் முழுக்க பாரிமுனையில் சுற்றினேன். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் பார்லி மால்ட் பாகு டப்பாவில் கிடைத்தது. வாங்கும்போது இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். சேர்மானத்தில் பார்லி மால்ட் மட்டும்தானா, இல்லை கேரமல் நிறமும் குளுக்கோஸ் பாகும் கலந்திருக்கிறதா என்பது ஒன்று. இன்னொன்று தயாரித்த தேதி. மால்ட் பாகு கெட்டுப்போவதில்லை, ஆனால் வெயிலில் கிடந்தால் கறுத்துக்கொண்டே போகும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து பழுப்பாகிற அதே வேலைதான் உள்ளே மெதுவாக நடக்கிறது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் அதனால்தான். சென்னைக் கோடையைக் கடை அலமாரியில் கழித்த டப்பா, பென்சில் சீவலும் பழைய மையும் கலந்தது மாதிரி ஒரு சுவை தரும். மெல்போர்னில் நான் குடித்த மோசமான கிட் பீர்களிலும் அந்தச் சுவை இருந்தது. டப்பா பழசு என்று அப்போது தெரியவில்லை.

ஹாப்ஸ் நம் நாட்டிலேயே ஹிமாச்சலின் லாஹௌல் பள்ளத்தாக்கில் விளைகிறது. எனக்குக் கிடைத்தது ஆன்லைனில் வந்த 50 கிராம் பொட்டலம், மாட்டுத் தீவனக் குச்சி மாதிரி பச்சையாக அழுத்திய உருளைகள். உறையில் ஆல்பா அமிலம் 6 சதவீதம் என்று போட்டிருந்தது. அந்த எண் முக்கியம், பின்னால் வருகிறேன். பிறகு கந்தகோட்டம் இருக்கிற ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் நன்னாரி வேரும் அதிமதுரமும் வாங்கினேன். பத்து லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் குண்டான் வீட்டிலேயே இருந்தது. பொங்கல், திருவிழா தவிர அம்மா அதை இறக்க மாட்டார்கள். "பாலு காய்ச்சுற பாத்திரம்டா அது, கறி கிறி எதுவும் போட்டுறாத" என்ற எச்சரிக்கையோடு கைக்கு வந்தது.

முதல் ஞாயிறு, பழைய கிட் பழக்கத்தில் செய்தேன். ஒன்றரை கிலோ மால்ட் பாகை வெந்நீரில் கரைத்து ஏழு லிட்டர் ஆக்கினேன். கொதிக்க விடவில்லை. ஹாப்ஸைத் தனியாக வெந்நீரில் ஊறவைத்து, டீ மாதிரி வடிகட்டி ஊற்றினேன். ஆறவைத்துச் சோடா கலந்து குடித்தால், திகட்டுகிற இனிப்பு. ஹாப்ஸ் வாசனை மேலோட்டமாக இருந்தது, கசப்பு கொஞ்சமும் இல்லை.

இது எனக்கே தெரிந்த விஷயம்தான், கைப்பழக்கம் மறக்கடித்துவிட்டது. ஹாப்ஸில் இருக்கும் ஆல்பா அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது. நன்றாகக் கொதிக்கும்போதுதான் அதன் வடிவம் மாறிக் கரையும், அப்போதுதான் கசக்கும். ஒரு மணி நேரம் கொதித்தால்கூட இருப்பதில் கால் பங்குதான் இறங்கும். வாசனை தருகிற எண்ணெய்கள் இதற்கு நேர் எதிர். அவை ஆவியோடு போய்விடும். அதனால்தான் கசப்புக்கான ஹாப்ஸை முதலிலும் வாசனைக்கானதைக் கடைசியிலும் போடுகிறார்கள். குழம்பில் மிளகாயை முதலில் வதக்கி, கொத்தமல்லியை இறக்கும்போது போடுவதும் இந்தக் கணக்குத்தான். கிட் டப்பாவில் அந்தக் கொதியை ஆலைக்காரர் முடித்துவிடுகிறார். வெறும் மால்ட் பாகுக்கு வந்துவிட்டால் அது நம் வேலை. கிட்டிலிருந்து பாகுக்கு மாறுவதில் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால், இந்த ஒரு மணி நேரக் கொதிதான் என்று சொல்வேன். மற்றதெல்லாம் அதிலிருந்து பிறப்பவை.

இரண்டாம் ஞாயிறு கொதிக்க வைத்தேன். அன்று மூன்று தப்பு நடந்தது.

அடுப்பை எரியவிட்டபடியே பாகைக் குண்டானில் கவிழ்த்தேன். பாகு தண்ணீரைவிடக் கனம், நேராக அடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கரண்டி போய்ச் சேர்வதற்குள் அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாடை வீடு முழுக்க. அம்மா பூஜை அறையிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாயசத்துக்கு வெல்லம் போடறப்ப அடுப்ப எரியவிட்டா போடுவாங்க? அணைச்சுட்டுக் கரைடா. கரைஞ்ச அப்புறம் பத்த வை."

அவ்வளவுதான் தீர்வு. பீர் காய்ச்சத் தெரிந்த எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், நானும் மெல்போர்னில் செய்ததுதான். அம்மா வேறு ஒரு வழியில் அதே இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்தது, பொங்கி வழிந்தது. மால்டில் புரதம் நிறைய. முதல் கொதியில் அது நுரையாக எழும்பி, திரிந்து உடைகிறவரை அடங்காது. பால் பொங்குவதைவிட வேகம், ஒட்டும் தன்மையும் அதிகம். பத்து லிட்டர் பாத்திரத்தில் ஏழு லிட்டர் இருந்தும் வழிந்து பர்னரை அடைத்துவிட்டது. முதல் பத்து நிமிடம் தீயைக் குறைத்துப் பக்கத்திலேயே நின்று, ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் கையில் வைத்திருக்க வேண்டும். எழும்பும்போது ஒரு தெளி தெளித்தால் அடங்கும். நுரை உடைந்து, முட்டை வெள்ளைத் துணுக்கு மாதிரி உள்ளே மிதக்க ஆரம்பித்ததும் பயமில்லை. ஹாப்ஸை அதற்குப் பிறகு போடுவது நல்லது. உருளை விழுந்ததும் இன்னொரு தடவை நுரை எழும்.

மூன்றாவது தப்பில் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதாயிற்று. கொதித்து முடிந்தபோது இரவு ஒன்பதரை. குண்டானை மூடி மேடையிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனேன், காலையில் ஆறியிருக்கும் என்று. மே மாத இரவு, அடுப்படி 33 டிகிரி. காலை ஆறு மணிக்குத் தொட்டுப் பார்த்தால் இன்னும் வெதுவெதுப்பு. மூடியைத் திறந்ததும் ஊசிப்போன இட்லி மாவு வாடை லேசாக. கொதியில் பெரும்பாலான கிருமிகள் செத்திருந்தாலும், ஆறும்போது பாத்திரம் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சர்க்கரையும் புரதமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இடம், நம் ஊர்க் காற்றில் இருக்கிற பாக்டீரியாவுக்கு விருந்து. ஈஸ்ட் போடுகிறவர்களுக்காவது ஈஸ்ட் முந்திக்கொண்டு இடத்தைப் பிடிக்கும். எனக்கு அந்தக் காவலும் இல்லை.

ஈஸ்ட் இல்லாமல் செய்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். மால்ட் கஷாயத்தின் புளிப்பு மிகக் குறைவு, அதன் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், புளிப்பு கூடக் கூட இது குறையும்) சுமார் 5.2 முதல் 5.5 வரை. போட்டுலினம் என்ற நச்சுக் கிருமியின் வித்துகள் சாதாரணக் கொதியில் சாகாது. பிஎச் 4.6-க்கு மேலே இருந்து, காற்றுப் புகாமல் மூடி, வெளிச் சூட்டில் நாள்கணக்கில் வைத்தால் அது வளர வழி இருக்கிறது. வாடை, நிறம் எதிலும் தெரிய வேண்டும் என்றில்லை. அதனால் சீக்கிரம் ஆறவைக்க வேண்டும், உடனே குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும், மூன்று நான்கு நாளுக்குள் குடித்து முடிக்க வேண்டும். ஊறுகாய் மாதிரி பரணில் வைக்கிற பொருள் இல்லை இது.

கொட்டிய கஷாயத்தில் முந்தின இரவே ஒரு வாய் சுவைத்திருந்தேன். நாக்கை இழுக்கிற கசப்பு. அதற்கும் காரணம் தேட வேண்டியிருந்தது. ஒன்று அளவு. மெல்போர்னில் 23 லிட்டருக்குப் போட்ட அதே 30 கிராமை இங்கேயும் போட்டுவிட்டேன். கணக்குப் போட்டால் தெரியும்: 30 கிராமில் 6 சதவீதம் 1.8 கிராம் ஆல்பா அமிலம். ஒரு மணி நேரத்தில் அதில் கால் பங்கு, 450 மில்லிகிராம் இறங்கும். 23 லிட்டரில் அது லிட்டருக்கு 20 மில்லிகிராம்தான். சோடா கலந்த பிறகும் எனக்கு வருவது 14 லிட்டர், அதில் 32. ஈஸ்ட் இல்லாத பானத்தில் இனிப்பு முழுசாக இருக்கிறதே, கசப்பைத் தாங்காதா என்று நினைத்தேன். ஓரளவுக்குத் தாங்கும். ஆனால் குழந்தைகளும் அம்மாவும் குடிக்கிற மாதிரி வேண்டுமென்றால் லிட்டருக்குப் பத்து போதும்.

இன்னொன்று தண்ணீர். அன்று கேன் தீர்ந்துவிட்டது, போர் தண்ணீரை ஊற்றினேன். கடலோரத்துப் பகுதிகளில் பல போர்களில் உப்பேறிக் கிடப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010-இல் நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்த பிறகு வடசென்னைக் குழாயில் வரும் தண்ணீர் பரவாயில்லை. எங்கள் வீட்டு போர் மாறவில்லை. உப்பும் கடினத்தன்மையும் கூடிய தண்ணீரில் ஹாப்ஸ் கசப்பு முரட்டுத்தனமாக நிற்கும். தானியத்தை நேராக ஊறவைத்துக் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரின் தாது உப்புகளைக் கணக்குப் பார்த்துச் சேர்ப்பார்கள். பாகில் செய்கிற நமக்கு அந்தக் கவலை வேண்டாம். ஆலையில் மால்டை ஊறவைத்த தண்ணீரின் உப்புகள் பாகிலேயே இருக்கின்றன. தண்ணீரை மட்டும்தான் ஆவியாக்கி எடுத்திருக்கிறார்கள். அதனால் ஆர்ஓ தண்ணீர், கேன் தண்ணீர்தான் இதற்கு ஏற்றது. நாம் சப்பென்று இருக்கிறது என்று குறை சொல்கிற அந்தத் தண்ணீர், மால்ட் பாகுக்கு அருமையாகப் பொருந்துகிறது.

மூன்றாம் ஞாயிற்றுக்கு ஒரு வாரம் யோசித்தேன். மெல்போர்னில் கொதித்த குண்டானை ஆறவைக்கச் செம்புக் குழாய்ச் சுருள் இருந்தது, அதன் வழியே குழாய்த் தண்ணீரை ஓடவிடுவேன். இங்கே மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீரே வெந்நீர். அந்தச் சுருளால் பயனில்லை. அத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விட மனமும் வராது.

கீழ் வீட்டு அண்ணன் மீன் வியாபாரம். விடியற்காலை காசிமேடு துறைமுகம் போய்விட்டு எட்டு மணிக்குத் திரும்புவார். அவரிடம் ஐஸ் கேட்டேன்.

"இன்னா தம்பி, மீனு வேணாமா? வெறும் ஐஸா?"

"காய்ச்சினத ஆறவைக்கணும்ணே. பெரிய குண்டான்."

"எத்தினி கிலோ?"

பத்து கிலோ என்றேன். அரைத்த ஐஸை ஒரு மீன் பெட்டியில் நிரப்பிக் கொண்டுவந்து இறக்கினார். இது மீனுக்கான ஐஸ், கஷாயத்தில் ஒரு துளிகூடப் படக்கூடாது. துணி துவைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் உப்பும் போட்டு, அதற்குள் குண்டானை இறக்குவதாகத் திட்டம். ஐஸ் வரும் நேரத்தை வைத்துத்தான் மற்ற நேரத்தையெல்லாம் பின்னோக்கிக் கணக்கிட்டேன். ஏழு மணிக்கு அடுப்பு.

ஐந்து லிட்டர் கேன் தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணைத்தேன். அரைக் கிலோ பாகை மட்டும் ஊற்றி, அடியைத் துழாவித் துழாவிக் கரைத்தேன். மிச்சம் ஒரு கிலோவைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன். இதில் இரண்டு லாபம். பாகு அடர்த்தியாக இருந்தால் ஹாப்ஸ் கசப்பு குறைவாகத்தான் இறங்கும். நீர்த்திருந்தால் நன்றாக இறங்கும். ஒரு மணி நேரம் கொதிக்கிற பாகு கறுத்துக்கொண்டே வரும். கடைசியில் போடுகிற பாகு அதன் பொன்னிறத்தை வைத்துக்கொள்ளும். பாகு ஆலையில் ஏற்கெனவே சூடு கண்டதுதான். சாதாரணக் கிருமிகள் சாக ஒரு பத்து நிமிடக் கொதி போதும்.

நுரை உடைந்ததும் 12 கிராம் ஹாப்ஸ், 40 நிமிடம். கணக்கு 14 லிட்டருக்கு லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் பக்கம் வந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் அடுப்பை அணைத்து மிச்சப் பாகு, மறுபடி பற்றவைத்து நசுக்கிய சுக்கு ஒரு விரல் அளவு, நன்னாரி வேர் ஒரு கைப்பிடி. அதிமதுரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போடாமல் விட்டேன். இனிப்பு இதில் போதுமானது. இறக்கும்போது வாசனைக்கு இன்னும் ஐந்து கிராம் ஹாப்ஸ். அந்த நேரத்தில் அடுப்படியில் எழுந்த வாசனையை எப்படிச் சொல்வது? வறுத்த தானியம், மழைக்குப் பிறகான வேப்பிலை, எலுமிச்சைத் தோல், அடியில் நன்னாரியின் அந்தப் பழைய கோடைக்கால மணம். ஏழு வருடம் கழித்து அதை முகர்ந்தேன். கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.

ஐஸ் எட்டே காலுக்கு வந்தது. குண்டானை டப்பில் இறக்கி, கொதிநீரில் போட்ட கரண்டியால் உள்ளே மெதுவாகக் கலக்கிக்கொண்டே, வெளித் தண்ணீரையும் கையால் சுற்றிவிட்டேன். இந்த வெளிக் கலக்கல் ரொம்ப முக்கியம். பாத்திரத்தை ஒட்டிய தண்ணீர் உடனே சூடாகி ஒரு போர்வை மாதிரி நின்றுவிடும், அதை விலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். முந்தின நாளே கொதிக்கவைத்து மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த இரண்டேகால் லிட்டர் தண்ணீரையும் ஊற்றினேன். கொதியில் ஆவியாய்ப் போனதையும் சேர்த்து ஏழு லிட்டர் ஆயிற்று. 40 நிமிடத்தில் 32 டிகிரி. போன வாரம் ஒரு ராத்திரி முழுக்க ஆறாதது.

ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டேன். வெறும் தண்ணீர் 1.000 என்றால், இது 1.061 காட்டியது. கருவி 20 டிகிரிக்கு அளந்து செய்தது, 32 டிகிரியில் மூன்று புள்ளி, அதாவது 0.003, கூட்டிக்கொள்ள வேண்டும்: 1.064. ஒரு கிலோ திரவப் பாகை ஒரு லிட்டர் கரைசலில் வைத்தால் சுமார் 300 புள்ளி என்பது கணக்கு. ஒன்றரை கிலோவுக்கு 450, ஏழால் வகுத்தால் 64. கையால் செய்த ஒன்று காகிதத்தில் போட்ட கணக்கோடு பொருந்தி நிற்பதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. சோடா சேர்ந்தால் 1.032, அதாவது நூறு கிராமில் எட்டு கிராம் இனிப்புச் சத்து. கடைக் குளிர்பானத்தில் பத்துக்கு மேல் இருக்கும். மால்டின் சர்க்கரையில் பெரும்பகுதி மால்டோஸ் என்பதால் அதே எடைக்கு இனிப்பும் குறைவு.

மல் துணியைக் கொதிக்கவைத்துப் பிழிந்து அதில் வடிகட்டினேன். பெட் பாட்டிலில் கொதிநீர் ஊற்றினால் சுருங்கிவிடும், சுத்தம் செய்வது கஷ்டம். அதனால் எவர்சில்வர் தூக்குகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து அவற்றில் நிரப்பி, நேராகக் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தேன்.

சாயங்காலம் தெருமுனைச் சோடாக் கடையிலிருந்து வெறும் சோடா ஆறு பாட்டில். கோலி சோடா கிடைத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை எடுத்த பாட்டில் அது. வாயுவே கோலியை மேலே தள்ளி அடைத்துக்கொள்கிற அந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். டம்ளரில் பாதி கஷாயம், மேலே சோடாவை ஓரமாகச் சரித்து ஊற்ற வேண்டும். நேராக ஊற்றினால் முக்கால்வாசி நுரைதான். மால்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து நுரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; பீரின் நுரை நிற்பதும் இதனால்தான். பொன்னிறம், மேலே இரண்டு விரல் வெள்ளை நுரை. அரை எலுமிச்சை பிழிந்ததும் சுவை முழுசாயிற்று. முதலில் மால்ட் இனிப்பு, நடுவில் சுக்கு, கடைசியில் நாக்கைத் துடைத்துவிடுகிற கசப்பு. திகட்டல் இல்லை.

மாடியில் ஏழு பேர் இருந்தோம். கீழ் வீட்டு அண்ணன் இரண்டு டம்ளர் குடித்தார். "வாசனை அப்டியே பீரு. ஆனா தல சுத்தல" என்றார். வீட்டுக்கும் கொஞ்சம் வேண்டுமென்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோனார். குளிர்ப்பெட்டியில் வையுங்கள் என்று சொல்லியும், அவர் வீட்டுப் பையன் அலமாரியிலேயே விட்டுவிட்டான். புதன்கிழமை கொண்டுவந்து காட்டினான். பாட்டில் கல் மாதிரி இறுகியிருந்தது. காற்றிலிருந்தோ பாட்டிலிலிருந்தோ புகுந்த ஈஸ்ட் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. ஈரத்துணி சுற்றி, தொட்டியில் வைத்து, மூடியைக் கால் திருகு திருகி வாயுவை மெதுவாக விட்டுப் பிறகு கொட்டினேன். பெட் பாட்டில் என்பதால் அமுக்கிப் பார்த்தே தெரிந்தது. கண்ணாடியாக இருந்தால் வெடித்துப் பையன் கையைக் கிழித்திருக்கும். யாருக்காவது கொடுத்தனுப்பினால் கண்ணாடியில் கொடுக்காதீர்கள், அன்றே குடித்துவிடச் சொல்லுங்கள். நான் இனி வீட்டுக்கு வெளியே கொடுப்பதாக இல்லை. வேண்டுமென்றால் மாடிக்கு வரட்டும்.

அம்மாவுக்கு இந்தப் பாகு எங்கிருந்து வருகிறது என்பதில்தான் ஆர்வம். பார்லியை ஊறவைத்து, முளைவிட்டதும் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறைச் சுண்டவைப்பது என்று சொன்னேன்.

"நாம கேவுர மொள கட்டி, காய வெச்சு, வறுத்து அரைப்போமே. உனக்குக் கூழு அதுலதான குடுத்தேன். அதேதானா?"

பாதி அதேதான். முளைவிடும்போது தானியத்துக்குள் அமைலேஸ் என்ற நொதி உண்டாகிறது, மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டுவது அதுதான். முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் தண்ணியாக, லேசான இனிப்போடு இருப்பதும் அதனால். ஆனால் அம்மா வறுக்கிற சூட்டில் அந்த நொதி செத்துவிடும். மால்ட் செய்ய வேண்டுமென்றால் நிழலில் உலர்த்தி, இளஞ்சூட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிறகு உடைத்த தானியத்தை 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் மாவு சர்க்கரையாகும். 70-ஐத் தாண்டிக்கொண்டே போனால் நொதிகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு அயோடின் விட்டுப் பார்த்தால், நீலம் வராவிட்டால் மாவு தீர்ந்தது என்று அர்த்தம்.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா டப்பாவைத் திறந்து ஒரு படி கேழ்வரகை அளந்து தண்ணீரில் போட்டுவிட்டார்கள். இன்று மூன்றாம் நாள். ஈரத்துணிக்குள் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னொரு பெட்டி ஐஸ் சொல்லி வைத்திருக்கிறேன்.